சேவையின் தேவை கருதி

மாகாணத்திலிருந்து கோவை வந்தது புதன்கிழமை.
பழுப்பு மட்டை, பச்சை நாடா,
மூலையில் ஆரோ தேத்தண்ணிக் கோப்பை வைத்த வட்டம்.
குற்றப்பத்திரம் இரண்டு பக்கம்.
அவருடைய விளக்கம் பதினேழு.

பிள்ளையின் வாக்குமூலம் அரைப் பக்கம்தான்.
"சேர் கன்னத்தைப் பொத்தி அடிச்சவர்.
பிறகு கூவிற சத்தம் மட்டும் கேட்டது.
இப்பவும் கேக்குது."
கீழே ஒப்பம்: அ. சாருகா, தரம் 8.
கடைசி எழுத்தில் பேனை மை விட்டிருக்கிறது.

வைத்திய அறிக்கை: இடது செவிப்பறையில் துளை.

இந்தப் பக்கத்தில் காது போன ஆட்கள் கனபேர்.
அதற்கு ஒருத்தரும் குற்றப்பத்திரம் அடிக்கவில்லை.
ஆகையால் நான் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்,
ஒரு காதுக்கு இத்தனை முத்திரையா என்று.

முடிவு கடைசித் தாளில்.
கடுமையான கண்டிப்பு.
ஒரு வருடச் சம்பள ஏற்றம் ஒத்திவைப்பு.
இடமாற்றம்:
எங்களுக்கு.

சுற்றறிக்கையில் எங்கள் பெயர் கஷ்டப் பிரதேசம்.
அதிகஷ்டம் என்று அதற்கும் கீழே ஒன்று உண்டு,
இலுப்பைமுறிப்பு அ.த.க. பாடசாலை அதில்.
மாங்குளத்தில் இறங்கி, மல்லாவி பஸ் ஏறி,
பிறகு குளக்கட்டால் ஆறு கிலோமீற்றர்.
மாரியில் கட்டுக் கரையும்.
யானை நின்றால் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு
அது போகும்வரை காத்திருக்க வேணும்.
விஞ்ஞானத்துக்கு ஆள் தாருங்கள் என்று
நாலு வருடமாக எழுதுகிறோம்.
தந்துவிட்டார்கள்.

பன்னிரண்டு வருடமாக இந்தக் கதிரையில் இருக்கிறேன்.
இதே கடிதத்தைப் பலமுறை அடித்திருக்கிறேன்.
இரண்டு மறக்காது.
ஒருவர் வசதிக்கட்டணக் காசில் கைவைத்தவர்.
மற்றவ செங்கமலம் ரீச்சர்,
தன் அதிபர் கைவைத்ததை எழுத்தில் கொடுத்தவ.
"சேவையின் தேவை கருதி
உடன் செயற்படும் வண்ணம்"
ரெண்டு பேருக்கும் அதே வசனம்.
பெயரை மட்டும் மாற்றினேன்.

காசுக்காரர் மூன்று மாதம் சுகயீன விடுமுறையில் நின்று
ஆரையோ பிடித்துத் திரும்பிப் போனார்.
ரீச்சர் ஒன்பது வருடம் நின்றா.
தகரக் கொட்டிலில் சமைத்தா, பாம்பு அடித்தா,
கணிதத்தில் பிள்ளைகளைக் கரையேற்றினா.
ஓய்வூதியத்துக்குக் கோவையை அனுப்பும்போது பார்த்தேன்,
அந்தக் கடிதம் அப்படியே கிடந்தது.
அவ ஏன் வந்தவ என்று ஊருக்குத் தெரியாது.

இவர் ஏன் வாறார் என்றும் தெரியப்போவதில்லை.
வாசலில் அபிவிருத்திச் சங்கம் மாலையோடு நிற்கும்.
நாலு வருடம் காத்திருந்த சனம்,
பூவுக்குக் குறை வைக்காது.
தரம் எட்டில் அங்கே பத்தொன்பது பிள்ளைகள்.
முப்பத்தெட்டுக் காது.

மூன்றரைக்குக் கடிதத்தை அடித்து முடித்தேன்.
பணிப்பாளர் தொலைபேசியில் கதைத்தபடியே ஒப்பமிட்டார்.
போட்டோக்கொப்பி மெஷின் சூடாக நேரம் எடுத்தது.
வைத்திய அறிக்கையில் ஒரு பிரதி.
பிள்ளையின் அரைப் பக்கத்தில் ஒரு பிரதி,
பெயர் இருந்த இடத்தில் வெள்ளைத்தாள் வைத்து.
இரண்டையும் அதிபரின் உறைக்குள் செருகினேன்.

கோவையிலுள்ள அந்தரங்க ஆவணத்தை வெளிவிடுதல்.
தாபன விதிக்கோவையில் அதற்கும் தண்டனை இருக்கிறது,
முதலாம் அட்டவணையோ இரண்டாம் அட்டவணையோ நினைவில்லை.
புத்தகம் கையெட்டும் தூரத்தில்தான்.
எடுக்கவில்லை.

பக்கத்து மேசை இதயராசன் பார்த்துக்கொண்டிருந்தான்.
"பிடிபட்டால் தூக்கி அடிப்பினம் அக்கா."
"எங்கை?"
அவன் யோசித்தான்.
வெளியே மல்லாவி பஸ் ஹோர்ன் அடித்தது.

உறை தடித்துப் போனது, பசை பிடிக்கவில்லை.
பின் அடித்தேன்.
முதலாவது வளைந்தது.